வலி இருக்கா என்று கேட்டார்கள்

மருத்துவமனைத் தாழ்வாரத்தின் இரண்டு கோடியிலும் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்துவிட்டு வந்து, அழகுமலையின் விரல் நுனியில் நாடித்துடிப்பைக் காட்டும் ஒரு கிளிப்பை மாட்டினாள் பவித்ரா. அவள் அங்கே பிசியோதெரபிஸ்ட்.

"அண்ணே, இந்தக் கூம்புல இருந்து அந்தக் கூம்பு வரைக்கும் போகணும், திரும்பி வரணும். ஆறு நிமிஷம் இப்படியே. ஓட வேண்டாம். முடியலைன்னா சுவத்துல சாஞ்சு நின்னுக்கலாம். நெஞ்சு வலிச்சாலோ தலை சுத்தினாலோ உடனே சொல்லிரணும்."

அழகுமலை மனைவியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "இதுக்குத்தான் போடியில இருந்து மதுரைக்கு வந்தமா ஈஸு? எனக்கு நடக்கத் தெரியுமான்னு பாக்குறாங்க."

ஈஸ்வரிக்கும் சிரிப்புத்தான் வந்தது. போடிமெட்டுக்கு மேலே இருக்கும் ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பை ஓட்டியவர் அவள் புருஷன். ஜீப்பு ஏறாத சரிவில் உர மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறிப் போய்ப் போட்டுவிட்டு, பாட்டை முணுமுணுத்தபடி இறங்கி வருவார். அப்படிப்பட்ட மனுஷனை வழவழத்த தரையில் நடக்கவிட்டுப் பரீட்சை வைக்கிறார்கள்.

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. இரண்டு தடவை போய் வந்ததுமே அவருக்குக் கால் இழுத்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வாயைத் திறந்து மூச்சை வாங்கினார். பிறகு சுவரில் உள்ளங்கையை ஊன்றி நின்றவர் தலையைத் தூக்கவே இல்லை. ஈஸ்வரி பெஞ்சை விட்டு எழுந்துவிட்டாள்.

"அக்கா, கிட்ட வராதீங்க" என்று பவித்ரா கையைக் காட்டினாள். "அவரா நடக்கட்டும்."

அதற்குப் பிறகு கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழச் சொன்னார்கள். கை வலுவை அளக்கும் ஒரு பிடியைக் கொடுத்து இறுக்கச் சொன்னார்கள். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கையால் அதை இறுக்க முடியவில்லை. அவர் நாற்காலியில் இருந்து எழ முடியாமல் தொடையில் கையூன்றியதை ஈஸ்வரி பார்த்தாள். இந்த மனுஷன் எப்போது இப்படி ஆனார்? ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

நோய் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. முதுகு வலி என்றுதான் தொடங்கியது. மலை ரோட்டில் ஜீப்பு ஓட்டுகிறவனுக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று எல்லோரும் சொன்னார்கள். எண்ணெய் போட்டுப் பிடித்துவிட்டார்கள். ஒருநாள் கட்டிலில் இருந்து எழும்போது முதுகெலும்பு நொறுங்கிய வலியில் அவர் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. டாக்டர்கள் சொன்ன மைலோமா என்ற பெயர் ஈஸ்வரியின் வாயில் நுழையவில்லை. எலும்புக்குள் மஜ்ஜையில் வரும் புற்றுநோய் என்பது மட்டும் புரிந்தது. மாதக்கணக்கில் ஊசியும் மாத்திரையும் போட்ட பிறகு நோய் அடங்கியிருந்தது. இனி ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை. அதற்காகத்தான் வந்திருந்தார்கள்.

டாக்டர் பிரபாகரன் இருவரையும் எதிரே உட்காரவைத்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே ஈஸ்வரிக்குச் சங்கதி தெரிந்துவிட்டது.

"இப்ப வேண்டாம்னு நினைக்கிறேன்" என்றார்.

"ரத்தமெல்லாம் நல்லாருக்குன்னு சொன்னீகளே சார்?" என்றார் அழகுமலை.

"ரத்தம் நல்லாருக்கு. ஸ்கேனும் நல்லாருக்கு. ஆனா அதெல்லாம் நீங்க சும்மா படுத்திருக்கும்போது எடுத்தது. இந்த சிகிச்சையில நாங்க கொடுக்கப்போற மருந்து உங்க மஜ்ஜையை மொத்தமா அழிச்சிரும். அப்புறம் உங்ககிட்ட இருந்தே எடுத்து வச்ச செல்லைத் திருப்பி ஏத்துவோம். அது வேர் பிடிச்சு வளர்ற வரைக்கும் உடம்புல எதிர்ப்பு சக்தியே இருக்காது. காய்ச்சல் வரும், வயித்தால போகும், நுரையீரல்ல கிருமி தங்கலாம். அதையெல்லாம் தாங்க உடம்புக்குள்ள ஒரு கையிருப்பு வேணும். உங்களை நடக்கவிட்டுப் பாத்தது அந்தக் கையிருப்பைத் தெரிஞ்சுக்கத்தான். நடை ரொம்பக் குறைவா இருக்கிறவங்களுக்கு இடையில சிக்கல் வர்ற வாய்ப்பு அதிகம். ஐ.சி.யூ. வரைக்கும் போயிரலாம்."

"போயி?" என்றாள் ஈஸ்வரி.

டாக்டர் எதிரில் இருந்த தாள்களை அடுக்கி வைத்தார். "ஆறு வாரம் எடுத்துக்கலாம். பவித்ரா பயிற்சி சொல்லித் தருவாங்க. நல்லாச் சாப்பிட்டு, நடந்து, உடம்பைத் தேத்திட்டு வாங்க. மறுபடி பாப்போம்."

"அந்த ஆறு வாரத்துக்குள்ள நோவு திரும்பிருச்சுன்னா சார்?"

"திரும்பலாம்மா. மாத்திரையை நிறுத்தப் போறதில்லை. கவனிச்சுக்கிட்டேதான் இருப்போம். ஆனா திரும்பவே திரும்பாதுன்னு நான் சொல்ல முடியாது."

முன்னால் போனால் மருந்து, பின்னால் நின்றால் நோய். நடுவில் புருஷனை நிறுத்திவிட்டார்கள் என்று தோன்றியது ஈஸ்வரிக்கு.

ஊருக்கு வந்ததும் அழகுமலை பிடிவாதமாக இறங்கினார். விடிந்ததும் முந்தல் ரோட்டில் நடந்தார். வீட்டில் நாற்காலியைச் சுவரோரம் போட்டு உட்கார்ந்து எழுந்தார். தண்ணீர் பாட்டில்களை இரண்டு கையிலும் தூக்கி இறக்கினார். முட்டையும் பயறும் அவித்துக் கொடுத்தால் மறு பேச்சில்லாமல் தின்றார். அவருடைய ஜீப்பை இப்போது கூட்டாளி சின்னமுத்து ஓட்டினார். முந்தல் ரோட்டில் ஜீப்பு எதிரே வந்தால் ஆரன் அடித்து, "அண்ணே, ஏறிக்கிறீகளா?" என்று கேலி செய்வார். அழகுமலை கையை ஆட்டிவிட்டு நடப்பார்.

ஈஸ்வரி ஏலக்காய் தரம் பிரிக்கும் கூடத்தில் வேலை பார்த்தாள். முறத்தில் பச்சைக் காயையும் வெளுத்த காயையும் பிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் காது வீட்டில் இருக்கும். சாயங்காலம் வந்ததும் அவர் முகத்தைப் பார்ப்பாள், பிறகு முதுகைப் பார்ப்பாள். அவர் குனிந்து செருப்பைப் போடும்போது ஒரு முனகல் வந்தால் போதும், அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. நோய்தான் திரும்பிவிட்டதோ? கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம். ஓசூரில் வேலை பார்க்கும் மகள் தமிழினி தினமும் போனில், "அப்பா எப்படிம்மா இருக்காரு?" என்பாள். "நல்லா நடக்குறாரு" என்று ஈஸ்வரி சொல்வாள். அது உண்மையும்தான். வாரத்துக்கு வாரம் அவர் நடை கூடியது. நடையில் பழைய வீச்சு கொஞ்சம் திரும்பியிருந்தது.

அந்தத் தெம்பில்தான் அவர் மலைக்குப் போகவேண்டும் என்றார்.

"என்னாத்துக்கு மாமா? டாக்டரு சமதரையிலதானே நடக்கச் சொன்னாரு?"

"சமதரையில எவனும் நடப்பான். ஏலக்காட்டு மேட்டுல ஏறிட்டேன்னு வையி, அந்த ஆஸ்பத்திரி வராண்டா எனக்குத் தூசு. நீயும் வா. காலையில போயிட்டு வெரசா வந்துரலாம்."

சின்னமுத்துவின் ஜீப்பில் காய் எடுக்கப் போகும் பெண்களோடு நெருக்கிக்கொண்டு இருவரும் ஏறினார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பு திரும்பும்போதெல்லாம் அழகுமலையின் வலது கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. மெட்டைத் தாண்டியதும் குளிர் வந்தது, மூடுபனியும் வந்தது. தோட்டத்தில் பெண்கள் இறங்கித் தூக்குவாளிகளோடு செடிகளுக்குள் மறைந்தார்கள். சின்னமுத்து உரம் ஏற்றக் கீழ்ப் பாதைக்குப் போனார்.

அழகுமலை மேட்டைப் பார்த்து நடந்தார். இரு பக்கமும் ஆள் உயர ஏலச் செடிகள். மேலே மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. ஈஸ்வரி பின்னால் போனாள். அவர் வேகமாக ஏறினார். ஒருதரம் திரும்பி, "பாத்தியா?" என்றார். சிரித்த முகம். அதைப் பார்த்து அவளுக்கும் கொஞ்ச நேரம் எல்லாம் மறந்துபோனது.

பிறகு அவர் நின்றார். எதையோ வேடிக்கை பார்க்கிறார் என்றுதான் நினைத்தாள். பக்கத்தில் போன பிறகுதான் தெரிந்தது, அவர் எதையும் பார்க்கவில்லை. முஷ்டியை நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அந்தக் குளிரில் நெற்றியில் இருந்து வேர்வை ஒழுகியது. உதடு சாம்பல் பூத்திருந்தது.

"மாமா!"

அவர் செடி மூட்டிலேயே சரிந்து உட்கார்ந்தார். "கல்லு..." என்றார். "நெஞ்சுல கல்லத் தூக்கி வச்ச மாதிரி..." இடது தாடையைத் தடவினார். அதற்குமேல் பேச்சு வரவில்லை.

ஈஸ்வரி போனை எடுத்தாள். சிக்னல் இல்லை. "சின்னமுத்துண்ணே!" என்று கத்தினாள். பனி அந்தச் சத்தத்தை அப்படியே விழுங்கிக்கொண்டது. அவரை விட்டுவிட்டுக் கீழே ஓடவா, பக்கத்தில் இருக்கவா? இறங்கி ஓடி, ஆளைக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் இவர் இங்கே தனியாக... அவளால் அந்த நினைப்பை முடிக்க முடியவில்லை. காலும் நகரவில்லை. அவர் தலையை மடியில் போட்டுக்கொண்டு திரும்பத் திரும்பக் கத்தினாள். எந்தச் சாமியைக் கூப்பிட்டோம் என்றுகூட அவளுக்குப் பிறகு நினைவில்லை.

செடிகளை விலக்கிக்கொண்டு சுருளியம்மாள் வந்தாள், ஜீப்பில் கூட வந்தவள். அவள் பின்னால் தோட்டத்துக் கங்காணி, மலையாளத்துக்காரர். "சேச்சி, பேடிக்கண்டா. குறச்சு வெள்ளம் கொடுக்கூ" என்று, பயப்படாமல் கொஞ்சம் தண்ணீர் கொடுக்கச் சொல்லிப் பாட்டிலை நீட்டிவிட்டு ஜீப்பைக் கூப்பிட ஓடினார்.

ஜீப்பு வருவதற்குள் அழகுமலைக்கு மூச்சு சீராகிவிட்டது. உதட்டில் ரத்தம் திரும்பியது. எழுந்து உட்கார்ந்து சுற்றியிருந்தவர்களைப் பார்த்து வெட்கப்பட்டார்.

"ஒண்ணுமில்ல. வாயு. வெறும் வயித்துல ஏறிட்டேன்."

"அண்ணே, போடி ஆஸ்பத்திரியில காட்டிட்டுப் போயிருவம்" என்றார் சின்னமுத்து.

"நேரா வீட்டுக்கு விடு" என்றார் அழகுமலை. அந்தக் குரலுக்கு மேலே சின்னமுத்து பேசவில்லை. இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் ஈஸ்வரி அவர் நெஞ்சின் மேல் கையை வைத்துத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கதவைச் சாத்தினார்.

"ஈஸு, இத நீ அங்கன சொல்லக் கூடாது."

"எப்படி மாமா சொல்லாம இருக்க?"

"சொன்னா திருப்பி அனுப்பிருவாங்க. ஆறு வாரத்துக்கு மேல இன்னும் ஆறு வாரம்பாங்க. இல்ல, உனக்கு இந்த வைத்தியமே வேண்டாம்பாங்க. அதுக்குள்ள முதுகு வலி வந்துரும். நீ பாத்தேல்ல, அந்த வலிய? எனக்கு அது மறுக்கா வேணாம். உன்னைய இந்த ஒரு தடவை கேக்குறேன்."

கல்யாணம் ஆன நாளில் இருந்து அவர் யாரிடமும் எதற்கும் கெஞ்சி ஈஸ்வரி பார்த்ததில்லை. அவள் தலையை ஆட்டினாள். ஆட்டிய அந்த நொடியில் இருந்து பயம் இன்னொரு மடங்காகி அவளோடு குடியிருக்க வந்துவிட்டது. தரம் பிரிக்கும்போது வெளுத்த காய் பச்சைக் காய்களோடு போனது. கண்காணிப்பாளர் இரண்டு தடவை சத்தம் போட்டார். வீட்டில் புருஷன் குளிக்கப் போனால் தண்ணீர் விழும் சத்தம் நிற்கிறதா என்று குளியலறை வாசலிலேயே நின்றாள்.

இரண்டாவது பரீட்சை நாளும் வந்தது. அதே தாழ்வாரம், அதே கூம்புகள்.

"இடையில எப்பவாவது நெஞ்சுல வலி, பாரம் மாதிரி ஏதாவது வந்துச்சாண்ணே?" என்று பவித்ரா கேட்டாள்.

"இல்ல" என்றார் அழகுமலை. சொல்லிவிட்டு ஈஸ்வரியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

நடந்தார். போன தடவை நின்று மூச்சு வாங்கிய ஆளா என்று பவித்ராவே ஆச்சரியப்பட்டாள். ஆனால் ஈஸ்வரி கண்டுபிடித்துவிட்டாள். அவர் வண்டி ஓட்டுவதுபோல் நடந்துகொண்டிருந்தார். கூம்புக்குப் பக்கத்தில் வரும்போது வேகத்தைக் குறைத்தார், நேர்ப் பாதையில் கொஞ்சம் கூட்டினார். வலி எந்த இடத்தில் தொடங்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதைத் தொடாமல் ஒரு முழம் முன்னாலேயே வேகத்தை அடக்கி ஓட்டினார். வேறு யாருக்கும் அது தெரியவில்லை.

நாற்காலியிலும் தேறினார். கைப்பிடியையும் இறுக்கினார். டாக்டர் பிரபாகரன் சந்தோஷமாகக் கையைக் குலுக்கினார். "நல்ல முன்னேற்றம். திங்கக்கிழமை சேந்துருங்க." ரத்தம் எடுக்கும் அறைக்கு அழகுமலை நிமிர்ந்து நடந்து போனார்.

ஈஸ்வரி தாழ்வாரத்தில் தனியாக நின்றாள். பவித்ரா கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இப்போது வாயைத் திறக்காவிட்டால் திங்கட்கிழமை மருந்து ஏறிவிடும். திறந்தால் அந்த வைத்தியமே போய்விடலாம். அவர் முகத்தில் இனி எப்படி முழிப்பது? மேட்டில் தன் மடியில் கிடந்த தலையின் கனம் அவளுக்கு இன்னும் தொடையில் இருந்தது. அங்கே சத்தம் கேட்டு சுருளியம்மாளாவது வந்தாள். மஜ்ஜையை அழித்துப்போட்டுக் கண்ணாடி அறைக்குள் கிடத்தியிருக்கும்போது அந்தக் கல் வந்து நெஞ்சில் உட்கார்ந்தால்?

"பாப்பா" என்றாள். கூம்பு அடுக்கும் சத்தத்தில் பவித்ராவுக்குக் கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். "பாப்பா, அவரு பொய் சொல்லிட்டாரு."

பவித்ரா கூம்பைக் கீழே வைத்தாள். ஈஸ்வரி எல்லாவற்றையும் சொன்னாள். முஷ்டி, வேர்வை, தாடையைத் தடவியது. சொல்லிவிட்டுப் பவித்ராவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாந்தான் சொன்னேன்னு அவருக்குத் தெரிய வேணாம் பாப்பா. உங்க கால்ல விழுகுறேன்."

பவித்ரா அவளுக்குப் பின்னால் பார்த்தாள். ஈஸ்வரி திரும்பினாள். முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்தியபடி அழகுமலை நின்றுகொண்டிருந்தார்.

அன்று மதியமே அவரைச் சைக்கிளில் உட்காரவைத்தார்கள். நகராத சைக்கிள். நெஞ்செல்லாம் ஒயர், மூக்கையும் வாயையும் மூடி ஒரு முகமூடி. மிதிக்க மிதிக்கச் சைக்கிள் கனமாகிக்கொண்டே போனது. பக்கத்தில் இதய டாக்டர் ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவின் கண்ணாடி வழியாக ஈஸ்வரி பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அந்த டாக்டர் கையைத் தூக்கினார். "நிறுத்துங்க, நிறுத்துங்க!" உள்ளே எல்லோரும் ஒரே நேரத்தில் நகர்ந்தார்கள். அழகுமலையைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். யாரோ கண்ணாடிக் கதவின் திரையை இழுத்துவிட்டார்கள்.

திரைக்கு வெளியே நின்ற அந்த நேரம் அவளுக்கு முடியவே இல்லை. செத்துப்போனார் என்றே நினைத்தாள். தாழ்வாரத்தில் பஞ்சோடு நின்று பார்த்ததுதான் அவர் தன்னைப் பார்த்த கடைசிப் பார்வையா என்று நினைத்தாள்.

அவர் சாகவில்லை. ஆஞ்சியோவில் இதயத்துக்குப் போகும் முக்கியமான குழாயில் பெரிய அடைப்பு இருப்பது தெரிந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரையை நிறுத்தும் வரைக்கும் ஸ்டெம் செல் சிகிச்சை கூடாது, அந்தச் சிகிச்சையில் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறையும், எங்கேயாவது ரத்தம் கசிந்தால் நிற்காது என்றார் பிரபாகரன். மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும்.

போடிக்குத் திரும்பும் ரயிலில் அழகுமலை பெட்டியின் மறுகோடியில் சன்னலோரம் போய் உட்கார்ந்தார். உசிலம்பட்டி போனது, ஆண்டிபட்டி போனது, தேனியும் போனது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தமிழினி போன் செய்தபோது அவர் சொன்னது பெட்டி முழுக்கக் கேட்டது. "உங்கம்மா என்னையக் காட்டிக் குடுத்துட்டா."

அதன்பிறகு வந்த மாதங்களில் அந்த வீட்டில் பேச்சு என்பது, சாப்பாடு எடுத்து வைக்கவா, வை, என்பதோடு முடிந்தது. ஈஸ்வரி அதைத் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது வேறு ஒன்று. ஒருநாள் ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு டாக்டர் போனில் கூப்பிட்டார். நோயைக் காட்டும் புரதம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, மாத்திரையைக் கூட்டலாம், இப்போதைக்குப் பதற வேண்டாம் என்றார். போனை வைத்ததும் அவள் ஏலக்காய்க் கூடத்தின் பின்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சைக் காப்பாற்றப் போய் நோய்க்கு வாசலைத் திறந்துவிட்டேனா? அவர் கேட்டது ஒன்றே ஒன்று, வாயை மூடிக்கொண்டிரு என்று. அதைச் செய்திருந்தால் இந்நேரம் சிகிச்சை முடிந்து வீட்டில் இருப்பாரோ?

ஊருக்கு வந்திருந்த தமிழினியிடம் அதைக் கேட்டாள். "தெரியலம்மா" என்றாள். "நானா இருந்தா சொல்லியிருப்பேனான்னு எனக்குத் தெரியல." அந்தப் பதில் ஆறுதலாக இல்லை. ஆனாலும் மகள் பொய் சொல்லவில்லை என்பது ஈஸ்வரிக்குப் பிடித்திருந்தது.

இதய டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் அழகுமலையை மதுரையில் சேர்த்தார்கள். முதலில் பேசியதைவிடக் குறைந்த அளவு மருந்து கொடுக்க முடிவு செய்தார்கள். உங்கள் உடம்பு தாங்கும் அளவு இதுதான் என்றார் பிரபாகரன். நோயை அடக்கும் பலமும் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும் என்பதையும் மறைக்கவில்லை.

மருந்து ஏறிய சில நாளில் வாயெல்லாம் வெந்து புண்ணானது. தண்ணீர்கூட இறங்கவில்லை. பிறகு காய்ச்சல் வந்தது. காய்ச்சலோடு இருமல், இருமலோடு மூச்சுத் திணறல். நுரையீரலில் கிருமி தங்கிவிட்டது. அவரை ஐ.சி.யூ.வுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். டாக்டர் முதல் நாள் சொன்ன எல்லாமே, சொன்னபடியே ஒவ்வொன்றாக வந்து நின்றது.

ஈஸ்வரி கண்ணாடிக்கு வெளியே நின்றாள். உள்ளே ஆக்சிஜன் குழாயோடு கிடந்தவரின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்தாள். அது இறங்கினால் மறுபடி ஏறும் வரைக்கும் அவள் மூச்சுவிடவில்லை. பவித்ரா ஒருநாள் அவள் பக்கத்தில் வந்து நின்று, "அக்கா, இத்தனை காய்ச்சல்லயும் இதயம் ஒழுங்கா துடிச்சுக்கிட்டு இருக்கு" என்றாள். ஈஸ்வரி தலையை ஆட்டினாள். அதை நம்பி சந்தோஷப்படக்கூட அவளுக்கு பயமாக இருந்தது. சந்தோஷப்பட்டால் எதுவோ கேட்டுவிடும் என்பது போல.

காய்ச்சல் ஒருநாள் காலையில் இறங்கியது. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் முளைக்கத் தொடங்கிவிட்டன என்று நர்ஸ் வந்து சொன்னாள். பழைய அறைக்கு மாற்றினார்கள். முகக் கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு ஈஸ்வரி உள்ளே போனாள். அவர் பாதியாகக் கிடந்தார். தலையில் ஒரு முடி இல்லை. கண் மட்டும் பழைய கண்.

"ஈஸு" என்றார். மாதங்களுக்குப் பிறகு அந்தப் பெயர். "அன்னைக்கு ஏன் சொன்ன?"

அவள் பதிலைத் தேடவில்லை. "பயமா இருந்துச்சு மாமா."

அவர் விட்டத்தைப் பார்த்தார். "எனக்கும் அதேன். அதனாலதான் சொல்லல" என்றார்.

அவள் கையுறையோடு அவர் கையைப் பிடித்தாள். பிடியில் வலு இல்லை. ஆனால் அவர் கையை எடுத்துக்கொள்ளவில்லை.

அழகுமலை வீடு திரும்பினார். மலைக்கு வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். போடி ஜீப்பு ஸ்டாண்டில் உட்கார்ந்து, எந்த வண்டிக்கு எத்தனை ஆள், எந்தத் தோட்டத்துக்கு எந்த வண்டி என்று பிரித்துவிடும் வேலையைப் பார்க்கிறார். சாயங்காலம் இருவரும் முந்தல் ரோட்டில் நடக்கிறார்கள். நோய் அடங்கியிருக்கிறது. எவ்வளவு நாளைக்கு என்று யாரும் சொல்லவில்லை, ஈஸ்வரியும் கேட்பதை விட்டுவிட்டாள்.

சில மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுக்கிறார்கள். முடிவு வரும் நாளில் அவளுக்குக் காலையில் இருந்தே கை ஓடாது. போன தடவையும் அப்படித்தான். முறத்தின் முன்னால் உட்கார்ந்து ஒரே காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. அவர்தான்.

"அடங்கித்தான் இருக்காம்" என்றார்.

அவள் காயை முறத்தில் போட்டுவிட்டுப் போனைக் காதோடு வைத்துக்கொண்டாள். அவரும் போனை வைக்கவில்லை. அவர் பின்னால் யாரோ மெட்டு, பூப்பாறை என்று ஊர்ப் பேரைச் சொல்லி ஆள் கூப்பிடும் சத்தமும், ஒரு ஜீப்பு உறுமிக் கிளம்பும் சத்தமும் கேட்டன. அது முடிகிற வரைக்கும் இருவரும் அப்படியே இருந்தார்கள்.

"சரி, சாயங்காலம் என்ன வாங்கியாரட்டும்?" என்றார் அவர்.

"முருங்கைக்காய் நல்லாருந்தா கொண்டாங்க" என்றாள் ஈஸ்வரி.